ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வட்டம்

மெர்ட்டிலின் படத்தைத்தான் கிளினிக் எடுத்துக்கொண்டது என்ற செய்தியை எனக்கு வந்து சொன்னதே மெர்ட்டில்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் அடுப்பைக் கிளறுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இவளோ கடையிலிருந்து இரண்டு கங்காரு வால் வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். நாய்களை விரட்டினாள். மயிரைப் பொசுக்கிச் சுரண்டி வாலைத் தணலுக்குள் புதைத்தாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"மதினி, எம்படத்தத்தான் எடுத்திருக்காங்களாம்."

நல்லது என்றேன். வால் வெந்ததும் கொழுப்புள்ள துண்டாகப் பார்த்து எனக்குக் கொடுத்தாள். அதையும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

மெர்ட்டில் எனக்கு மாமன் மகள். என் அம்மாவும் அவள் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அவள் இந்த ஊரில் வளரவில்லை. அவள் அம்மாவின் ஆட்களோடு தூரத்து மாட்டுப்பண்ணை ஒன்றில் வளர்ந்து, கல்யாணம் முடித்து, புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல்தான் அப்பா ஊர் என்று இங்கே வந்து சேர்ந்தாள். பிரஷ்ஷைப் பிடித்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. நான் முப்பத்தொரு வருஷமாக வரைகிறேன். மெல்பர்னில் என் படம் தொங்குகிறது. ஒரு விமான நிலையத்தில் தொங்குகிறது. எந்த நாடு என்றே தெரியாத, பேர் வாயில் நுழையாத ஓர் ஊரில்கூட ஒன்று தொங்குவதாகச் சொல்கிறார்கள். ஆனால் சொந்த ஊர் கிளினிக்கில் தொங்கப்போவது மெர்ட்டிலின் படம்.

சாதாரணக் கிளினிக் இல்லை. புதுக் கட்டடம். டயாலிசிஸ் செய்துகொள்ள எட்டு நாற்காலி. சிறுநீரகம் கெட்டுப்போன எங்கள் ஆட்கள் அதுவரை தூரத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் போய், அங்கே விடுதியில் கிடந்து, ஊரை நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். இனி இங்கேயே ஊசி குத்திக்கொள்ளலாம். நிர்வாகக் கமிட்டியில் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். இந்தக் கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், நம்ம இடம் மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதனால் வரவேற்பறைச் சுவருக்கு ஒரு பெரிய படம். அதிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக் கிளினிக்குக்குச் சின்னம். கண்ணாடிக் கதவில், டொயோட்டாக் கதவில், நர்சுகள் சட்டையில், மருந்துச்சீட்டில், எங்கே பார்த்தாலும் அந்தச் சின்னம் இருக்கும். பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். நான் செத்தபிறகும் இருக்கும். புரிகிறதா நான் ஏன் எரிந்தேன் என்று?

ஓவியக்கூடத்தை நடத்துகிற கிர்ஸ்டி என்ற வெள்ளைக்காரப் பெண் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சமாதானம் சொன்னாள். என் படம் ரொம்ப அருமையாம். ஆனால் அதில் விஷயம் அதிகமாம். சட்டைப் பையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தார்களாம், துணியில் டீ கொட்டின மாதிரி இருந்ததாம். மெர்ட்டில் படத்தில் நாலே நாலு வட்டம், வட்டத்துக்கு ஒரு இடம், நடுவில் பாதை, சுற்றிலும் வெறும் தரை. எவ்வளவு சின்னதாக்கினாலும் தெரிகிறதாம். முப்பத்தொரு வருஷம் வரைந்தது கட்டைவிரலுக்கு அடங்கவில்லை என்று தோற்றுப்போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதோடு போயிருந்தால் நானும் ஒரு மாதம் முனகிவிட்டு அடங்கியிருப்பேன். போகவில்லை. அடுத்த வாரமே கிர்ஸ்டி ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். மெர்ட்டிலின் படத்துக்கு என் கையெழுத்து வேண்டுமாம்.

எங்கள் கதை ஒவ்வொன்றும் இந்த மண்ணில் ஊற்று, பாறை என்று இடம் இடமாக நடந்து போவது; அதை ஒருத்தி நினைத்தபடி வரைந்துவிட முடியாது. அப்பா வழியில் வந்தவர்கள் கதைக்குச் சொந்தக்காரர்கள். அந்த வீட்டுப் பெண்ணின் பிள்ளைகள் கதைக்குக் காவல். சொந்தக்காரி வரையும்போது காவல்காரி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் சரி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் படம் வெளியே போகாது. மெர்ட்டில் வரைந்தது காட்டுத் திராட்சைக் கதை. அது அவள் அப்பாவுடையது, என் அம்மாவுடைய அப்பாவுடையது. என் அண்ணன், இறந்துபோனதால் இப்போது பேர் சொல்லக் கூடாதவர், இருந்தவரை காவல் அவர் கையில் இருந்தது. அவர் போனபின் எனக்கு வந்தது. நான் அதில் தவறினால் என் தங்கை கோரலுக்குப் போகும். கோரலுக்குக் கதையும் பாதிதான் தெரியும், பொறுமையும் பாதிதான்.

ஆகமொத்தம், என்னைத் தோற்கடித்த படத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அது நன்றாக வரும்படி நானே பார்த்துக்கொள்ள வேண்டும். கமிட்டிக்குக் காட்ட அவள் மாதிரியாக வரைந்திருந்த சின்னப் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பெரிய படத்துக்கு நாலு மீட்டர் துணியை ஓவியக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் விரித்தார்கள். ஜூலைக் குளிர். மெர்ட்டில் துணிமேலேயே உட்கார்ந்து வரைய, நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு மாவு டப்பாமேல் உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்ததும் எனக்கு டீ போட்டுத் தருவாள். நாலு சர்க்கரை போடாதே, எனக்குச் சுகர் என்று சொன்னால், கிளினிக்தான் பக்கத்திலேயே வருதே மதினி என்பாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் என்னைக் கேட்டாள். முதல் ஊற்று எந்தப் பக்கம் பார்க்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பாதை வளையுமா, பெண்கள் எங்கே உட்கார்ந்து பழம் பொறுக்கினார்கள், எல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்கச் சொன்னேன். ஊருக்கே தெரிகிற கதைதான், ஒளிக்க ஒன்றும் இல்லை. இரண்டு நாள் ஒழுங்காகக் காவல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் போகிறவர்கள் வருகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் வந்து படம் பிடித்தார், என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி. ஆலிஸிலிருந்து ரேடியோக்காரப் பெண் வந்து மெர்ட்டிலிடம் ஒரு மணி நேரம் பேசினாள். நீங்கள் உதவியாளரா என்று என்னைக் கேட்டாள். மெர்ட்டில் குறுக்கிட்டு, இவங்கதான் எனக்குப் பெரியவங்க, இவங்க சொல்லித்தான் நான் வரையறேன் என்றாள். ரேடியோவில் அந்தப் பகுதி வரவில்லை.

மூன்றாம் நாள் நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். போய்ப் பார்த்தால் துணியின் வலது மூலையில் ஐந்தாவது வட்டம் ஒன்று இருந்தது.

சின்னப் படத்தில் நாலுதான். எங்கள் கதை வறண்ட ஆற்றோடு முடிகிறது. கதை முடியவில்லை, அது பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஆற்றைத் தாண்டினால் அது, ஆலிஸில் டயாலிசிஸுக்காகக் கிடந்த ஐவி பெரியம்மாவின் குடும்பத்துக் கதை. ஆற்றங்கரையில் நாங்கள் நின்றுவிடுவோம், அங்கிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். மெர்ட்டில் ஆற்றையும் தாண்டி, ஐவி பெரியம்மாவின் அப்பாவுக்குச் சொந்தமான பாறையைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். பண்ணையில் வளர்ந்தவளுக்கு அந்த எல்லை தெரியாது. தெரியாததால்தான் காவல்காரி உட்கார்ந்திருக்கிறாள்.

"துணி பெருசுல்லா மதினி, இந்தப் பக்கம் எடம் மிச்சம் கெடந்துச்சு. அந்தப் பாறையையும் போட்டுட்டேன். சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. கிர்ஸ்டி பெயிண்ட் டப்பாக்களை இறக்கிவர வெளியே போயிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயிண்ட் இன்னும் ஈரம், துடைத்துவிடலாம்.

என் மனசுக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். படம் சுவரில் ஏறும். ஊரே வந்து பார்க்கும். ஐவி பெரியம்மா வீட்டு ஆட்கள் வந்து, எங்கள் இடத்தை யாரைக் கேட்டு எடுத்தாய் என்று அத்தனை பேர் முன்னால் மெர்ட்டிலை நிற்கவைத்துக் கேட்பார்கள். படத்தைக் கழற்றுவார்கள். என்னைக் கேட்டால், நான் சொன்னேன், அவள்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். யார் கண்டது?

"ம், சரி" என்றேன்.

அவள் அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு வரி போட்டாள். நான் டீயைக் குடித்தேன். நாலு சர்க்கரை.

நான் கணக்குப் போட்டது சுவரில் ஒரு மூலையில் இருக்கிற ஒரு வட்டத்துக்குத்தான். அடிலெய்டில் உட்கார்ந்திருந்த டிசைன்காரர் படத்தின் போட்டோவை வைத்துக்கொண்டு சின்னத்துக்குத் துண்டு தேடியிருக்கிறார். நடுவிலிருந்து எடுத்தால் பாதை குறுக்கே வருகிறது. வலது மூலையில் தன்னந்தனியாக ஒரு வட்டம், சுற்றிலும் நிறையத் தரை. கட்டைவிரல் அளவுக்கு எடுத்தவுடன் பொருந்திவிட்டது. சட்டைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது கிர்ஸ்டி ஒன்றைப் பிரித்து என் முன்னால் விரித்துக் காட்டினாள். நெஞ்சுப் பக்கத்தில் ஐவி பெரியம்மாவுடைய அப்பாவின் பாறை. எனக்கும் ஒன்று தந்தாள். வாங்கி வீட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயமாக இருந்தது, ஆனால் பயத்துக்கு மேல், மெர்ட்டில் இன்னும் உயரத்திலிருந்து விழுவாள் என்று ஒரு அற்ப சந்தோஷமும் இருந்தது.

ஐவி பெரியம்மா மூன்று வருஷமாக ஆலிஸில் கிடந்தவள். புது நாற்காலிகள் வந்தவுடன் முதல் ஆளாக ஊர் திரும்பினாள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி உட்கார வேண்டும். பார்ப்பதற்கு எதிரே கண்ணாடிக் கதவும் நர்சின் சட்டையும்தான். முதல் நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டாம் நாள் நர்சைக் கூப்பிட்டு அது என்ன என்று கேட்டாளாம். நர்ஸ் பெருமையாக, காட்டுத் திராட்சைக் கதையில் கடைசி இடம் என்று மெர்ட்டில் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா சரி என்று கண்ணை மூடிக்கொண்டாளாம். மூன்றாம் நாள் ஆள் அனுப்பிவிட்டாள். மெர்ட்டிலும் நானும் வர வேண்டும், கமிட்டி வர வேண்டும், சுவருக்கு முன்னால்.

வெள்ளிக்கிழமை காலை வரவேற்பறை நிரம்பிவிட்டது. கிளினிக்குக்கு வந்த நோயாளிகளும் எழுந்து போகவில்லை. ஐவி பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாகப் பார்த்தாள். கிர்ஸ்டி எதையோ விளக்கப்போனாள், யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"நல்லாத்தான் போட்டிருக்கா. ஆத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் நல்லாருக்கு. அந்தப் பக்கம் எங்கப்பா எடம். எங்கிட்ட யாரும் கேக்கல" என்றாள் பெரியம்மா.

மெர்ட்டிலின் முகம் சாம்பலாகிவிட்டது. அவளுக்கு அந்த நிமிஷம்தான் எல்லை தெரிகிறது. சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பெரியம்மா அவளைக் கேட்கவில்லை. "வரஞ்சவ இருக்கட்டும். காவலுக்கு உக்காந்தவ ஆரு?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வார்த்தை தயாராக இருந்தது. இரண்டு மாதமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்த வார்த்தை. வாயைத் திறக்கிறேன், அதற்குள் மெர்ட்டில் பேசிவிட்டாள்.

"மதினி சொன்னாங்க பெரியம்மா. வேண்டாம்னு சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

நான் சொல்ல வைத்திருந்த அதே பொய். எனக்காக அவள் சொல்கிறாள். கூட்டத்தில் யாரும் நம்பவில்லை, அதுதான் கொடுமை. மூன்று நாள் ஒவ்வொரு கோட்டுக்கும் என்னைக் கேட்டுக் கேட்டு வரைந்தவள் அவள் என்று போகிற வருகிற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். என் பக்கத்தில் இருந்த லோர்னா இன்னொருத்தி காதில், பாவம், எப்படிப்பட்ட மனசு பாரு என்று முணுமுணுத்தாள். என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

சுவர் அவளுக்கு. கதவு அவளுக்கு. டொயோட்டா, சட்டை, ரேடியோ எல்லாம் அவளுக்கு. இப்போது நல்லவள் என்ற பேரும் அவளுக்கா? அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் யோக்கியத்தால் பேசினேன் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இல்லை. அவள் அங்கே அப்படி நின்றதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பேசினேன்.

"அவ பொய் சொல்லுதா. எங்கிட்ட கேட்டா, நான் சரின்னு சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்ட்டி?" என்றாள் பெரியம்மா.

"பொறாமைதான் பெரியம்மா. வேற என்ன."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியம்மாவுக்கும் உதடு துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள்.  முப்பது வருஷமா வரையற, இன்னும் வயிறு ரொம்பலையா ஒனக்கு என்று கேட்டாள். ரொம்பவில்லை என்பதுதான் பதில்.

தீர்ப்பு சட்டென்று முடிந்தது. காவல் கோரலுக்கு. பெரியம்மா உயிரோடு இருக்கிற வரைக்கும் எனக்குத் திரும்பாது. சட்டைகளை இனி யாரும் போடக் கூடாது, கதவிலிருந்து அந்தச் சின்னத்தைச் சுரண்ட வேண்டும். சுவரில் இருக்கிற வட்டத்தை மூட வேண்டும். எவள் வாயை மூடியிருந்தாளோ அவள் கைதான் மூட வேண்டும், மெர்ட்டில் பக்கத்தில் இருந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கிர்ஸ்டி மெதுவாக எழுந்து, இப்போது முறையாக அனுமதி கேட்டால் அந்த வட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப்பார்த்தாள். பாவம், அவளுக்கு அந்தச் சட்டைப் பெட்டிகளின் கவலை.

"எடுத்துட்டு வந்து கேட்டா அது கேக்கறது இல்லம்மா" என்றாள் பெரியம்மா. "மொதல்ல மூடுங்க. அப்புறம் ஒருநாள் வந்து கேளுங்க. தருவேனா மாட்டேனான்னு அன்னைக்குப் பாக்கேன்."

திங்கட்கிழமை படத்தை இறக்கி வரவேற்பறைத் தரையிலேயே விரித்தார்கள். கோரல் வந்து ஐந்து நிமிஷம் இருந்தாள், சீட்டாட்டம் இருக்கிறது என்று போய்விட்டாள். நான் தரையின் நிறத்தைக் கலக்க உட்கார்ந்தேன். சிவப்பு, கொஞ்சம் கறுப்பு. மெர்ட்டில் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். தரையோடு நிறம் சேர்கிற வரைக்கும் கலக்கினேன். பிறகு நான்தான் கேட்டேன், எதற்காக அப்படிச் சொன்னாய் என்று.

"காவல் கோரலுக்குப் போயிருமேன்னுதான். அவளுக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லித் தராட்டா எனக்கு எங்கப்பா கதைய யாரு சொல்லித் தருவா?"

அப்படியானால் எனக்காகச் சொல்லவில்லை என்றேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"பாதி ஒங்களுக்காகவும்தான்" என்றாள். "பாத்துகிட்டே இருந்தீங்களே மதினி. மூணு நாள் எங்கையால டீ வாங்கிக் குடிச்சிட்டு."

இரண்டாம் தடவை அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்றுவரை பேசவில்லை.

வட்டத்தின்மேல் வண்ணத்தைப் பூசினேன். பாறை மறைந்தது, பாதை ஆற்றங்கரையில் நின்றது. மேலே தரைப் புள்ளிகள் வைக்க வேண்டும். அதற்குக் கலக்கும்போது என் கை மஞ்சள் டப்பாவுக்குப் போனது. துளியூண்டு போட்டேன். யாருக்கும் தெரியாது, ஆனால் வெயில் உள்ளே விழுகிற நேரத்தில் அந்த மூலை மட்டும் மற்ற தரையைவிட ஒரு மின்னு மின்னும். நாலு மீட்டர் படத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தையாவது பார்த்து, யார் வைத்தது இது என்று யாராவது கேட்பார்கள் அல்லவா. புள்ளி புள்ளியாக வைத்து முடித்தேன். அழகாகத்தான் இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முறைப்படி கேட்டேன்.

"சரியா இருக்கா?"

மெர்ட்டில் குனிந்து பார்த்தாள். வாசல் வரை போய் நின்று பார்த்தாள். டயாலிசிஸ் அறையில் ஐவி பெரியம்மா கண்ணாடி வழியாக எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. எல்லோரும் களைத்திருந்தோம்.

"மஞ்சள் கூடிப்போச்சு மதினி. எடுத்துட்டு மறுபடி வைங்க" என்றாள்.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், அவள் கலந்து கொடுத்த நிறத்தில், அவள் வைக்கிற இடைவெளியில். மாலை வரை ஆனது. இப்போது படம் திரும்பவும் சுவரில் இருக்கிறது. சுகர் பார்க்கப் போகும்போதெல்லாம் எல்லா இடத்திலிருந்தும் பார்த்துவிட்டேன், வாசலில் நின்று, மருந்து வாங்குகிற ஜன்னலில் நின்று, ஒருமுறை ஐவி பெரியம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துகூட. அந்த மூலையில் என் கை பட்டது என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.